பெற்ற தாயைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகளில் நானும் ஒருத்தி. வளர்த்த அம்மா எதையும் மறைக்கவில்லை. என் பிரசவத்தின்போது, "உங்க அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?" என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தத்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டு ஒருவர் அழைத்தார். பழைய ரெஜிஸ்டர் எல்லாம் தன் கைக்கு வரும் என்றார். முன்பணம் 40,000 ரூபாய். மூன்றே வாரத்தில், "அம்மா கிடைச்சுட்டாங்க மேடம்."

தருமபுரி பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். என் இடது தோளைத் தொட்டு, "இதே மச்சம்தான் கண்ணு" என்று அழுதார். நானும் அழுதேன். அந்த மச்சத்தைப் பற்றி, என்னை அழைத்த ஆள் தந்த படிவத்தில் நானே எழுதியிருந்தேன் என்பது அன்று உறைக்கவே இல்லை. அப்புறம் அம்மாவுக்கு ஆபரேஷன், டிஎன்ஏ சோதனை என்று மொத்தம் 1,15,000 போனது.

டிஎன்ஏ அறிக்கையை லேபில் வேலை பார்க்கும் தோழியிடம் காட்டினேன். 'ஆமெலோஜெனின்' என்ற வரியில் விரலை வைத்தாள். அது ஆணா பெண்ணா என்று காட்டும் வரி. என் கட்டத்தில் எக்ஸ், எக்ஸ். அம்மாவின் கட்டத்தில் எக்ஸ், ஒய். யாரோ ஒரு அப்பா-மகள் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த அம்மாவையும் காசு கொடுத்துத்தான் உட்கார வைத்திருப்பார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தொட்டிலில் யாருக்கும் தெரியாமல் விட்டுப்போன தாயின் பெயர் பல நேரம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. "நிச்சயம் கண்டுபிடிப்பேன்" என்று ஒருவர் அடித்துச் சொன்னாலே சந்தேகப்படுங்கள். 18 வயது நிறைந்தவர், தத்துக் கொடுத்த நிறுவனத்திடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ தானே மனு கொடுக்கலாம். தத்தெடுப்பு விதிமுறைகள் மூன்றாம் ஆளின் தேடலை அனுமதிப்பதில்லை. பெற்றவர் தன்னை வெளியே சொல்லக் கூடாது என்று குழந்தையைக் கொடுத்த அன்றே கேட்டிருந்தால், அவருடைய சம்மதமும் வேண்டும். டிஎன்ஏ சோதனை என்றால் இருவரும் லேபுக்கு நேரில் போய் மாதிரி கொடுங்கள், அறிக்கையையும் அங்கேயே வாங்குங்கள்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே கதையோடு உங்களையும் யாராவது அழைத்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், புகாரோடு சேர்த்துவிடலாம்.