டிராக்நெட் ரேடியோ நாடகம்: ஆறு வருடம் கேட்ட அனுபவம்

ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது ஆறு வருடமாக நான் கேட்பது இதைத்தான். 'டிராக்நெட்' அமெரிக்காவின் என்பிசி வானொலியில் 1949 ஜூன் 3 அன்று தொடங்கிய போலீஸ் நாடகம். ஒவ்வொன்றும் அரை மணி நேரம், 1957 வரை வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸின் நிஜ கேஸ்களை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி நாடகமாக்கினார்கள். சார்ஜென்ட் ஜோ ஃபிரைடேயாக நடித்த ஜாக் வெப்தான் தொடரை உருவாக்கியவரும் இயக்கியவரும்.

இன்றைக்கு என்ன கிழமை, வெயிலா குளிரா, தனக்கு எந்தப் பிரிவில் டியூட்டி, கூட யார், மேலதிகாரி யார், இதையெல்லாம் ஃபிரைடே ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிடுவார். அப்புறம் நடை, கதவு, போன், காத்திருப்பு, மறுபடி நடை. கடைசியில் வழக்கு எந்த கோர்ட்டில் நடந்தது, என்ன தண்டனை என்று அறிவிப்பாளர் வாசிப்பார். துப்பாக்கிச் சத்தத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் சில எபிசோடுகள் இழுவையாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது 1949 டிசம்பர் 22 அன்று ஒலிபரப்பான கிறிஸ்துமஸ் எபிசோடு. ஒரு சிறுவனைக் காணவில்லை, அவனுக்குப் பரிசாக வாங்கி வைத்த .22 ரைஃபிளையும் காணவில்லை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கடைசிப் பகுதியில் அந்த அப்பா பேசுவதற்கு முன்னால் வரும் மௌனங்களை மட்டும் நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், நான் குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தத் தொடரில் பாதிக் கதையைச் சொல்வது சின்னச் சத்தங்கள். ஒன்றிரண்டு பேர் சத்தம் கொடுத்தால் போதும் என்றிருந்த காலத்தில் இவர்கள் ஐந்து பேர் வரை வைத்திருந்தார்கள், நிஜ போலீஸ் அலுவலகத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணி அதே எண்ணிக்கையில் நடக்க வைத்தார்கள். அதனால் பதிவு மோசமாக இருந்தால் நாடகமே போய்விடுகிறது, இதை நான் புரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆயிற்று.

முதலில் நான் வாங்கியது இணையத்தில் ஒருவர் விற்ற எம்பி3 டிஸ்க். 32 கேபிபிஎஸ், அதாவது ரொம்பவே சுருக்கிய மட்டமான ஒலி, சில கோப்புகள் பாதியில் நின்றுவிடும், ஒரே எபிசோடு இரண்டு பெயரில் இருக்கும், கதைக்குள் ஃபிரைடே சொல்லும் தேதியையே ஒலிபரப்பான தேதி என்று போட்டிருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று யாரோ சாஃப்ட்வேரில் தேய்த்துத் தள்ளியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரைச்சலோடு மூச்சும் போயிற்று, நடைச் சத்தம் போயிற்று, குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டன. பிறகு அதே கிறிஸ்துமஸ் எபிசோடு, இரைச்சல் நீக்காமல் அந்தக் காலத்து ஒலிபரப்பு டிஸ்க்கிலிருந்து நேராக எடுத்த ஃபிளாக் கோப்பாக (ஒலித் தரம் குறையாத வடிவம்) கிடைத்தது. கீறல் சத்தம் இருந்தது, டிஸ்க் மாறும் இடத்தில் குரலின் தன்மையும் சட்டென்று மாறியது, ஆனால் அறைக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

நாடகத்தைப் பதிவு செய்து வைத்த அந்தப் பழைய டிஸ்க்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 16 அங்குல அகலம், அலுமினியத் தகட்டின் மேல் லேக்கர் என்ற அரக்கு மாதிரியான பூச்சு, ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். காலப்போக்கில் லேக்கரில் கலந்த விளக்கெண்ணெய் சிதைந்து மேலே வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது, பூச்சு சுருங்குகிறது, அடியில் இருக்கும் உலோகம் சுருங்குவதில்லை, அதனால் வெடித்து உரிந்துவிடுகிறது. உரிந்ததை ஒட்டவைக்க வழி கிடையாது. வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படையினருக்காக ராணுவ வானொலி அச்சடித்து அனுப்பிய வினைல் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகத் தாங்கின, பல பழைய நாடகங்கள் அந்த வழியில் பிழைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் விளம்பரத்தை வெட்டிவிடுவார்கள். எனக்கு ஃபாத்திமா சிகரெட் விளம்பரத்தோடு முழுசாக இருக்கும் பதிவுதான் வேண்டும், அன்றைக்கு வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தவர்கள் கேட்டது அதைத்தானே.

வரிசையாகக் கேட்பதுதான் நல்லது. ஃபிரைடேயின் கூட்டாளி பென் ரோமெரோவாக நடித்த பார்ட்டன் யார்பரோ 1951 டிசம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார். அடுத்த வாரமே ரோமெரோவும் மாரடைப்பில் இறப்பதாக ஓர் எபிசோடு செய்தார்கள். இரண்டரை வருடத்துக் குரலைக் கேட்டுப் பழகிய பிறகு அந்த அரை மணி நேரத்தைக் கேட்பது லேசான காரியமில்லை. முன்னால் ஒரு பத்து எபிசோடு தொலைந்திருந்தாலும் அந்தப் பாரம் வந்திருக்காது.

முந்நூறுக்கும் மேல் எபிசோடுகள் ஒலிபரப்பானதில் பெரும்பகுதி இன்று கிடைக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் பழைய வானொலி ஆர்வலர்கள் ஒழுங்குபடுத்திய தொகுப்பிலிருந்து தொடங்குங்கள், காசு கொடுத்து டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. ஒரே எபிசோடுக்கு இரண்டு மூன்று பதிவு இருந்தால் இரைச்சல் அதிகமாக இருப்பதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், யார் வீட்டிலாவது பழைய வானொலி டேப் இருந்தால் முதலில் அதை அப்படியே, இரைச்சலோடு, சுருக்காத வடிவில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். சுத்தம் செய்வதையெல்லாம் இன்னொரு காப்பியில் வைத்துக்கொள்ளலாம்.