சீமேக்: கண்டுபிடிப்பதில் கெட்டி, மறப்பதில்தான் வீம்பு

"ஜிசிசி வெர்ஷன் தெரிய ஒரு கிரெப் போதாதா, இதுக்குப் போய் சீமேக்கா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜிசிசி என்பது சி, சி++ கோடை ஓடும் பைனரியாக மாற்றும் கம்பைலர்; கிரெப், வரிகளில் சொல் தேடும் கமாண்ட்; சீமேக், கம்பைலரைக் கண்டுபிடித்து பில்டுக்கு ஏற்பாடு செய்யும் கருவி.

போதாது. உபுண்டு லினக்ஸ் 20.04-இல் ஜிசிசியிடம் வெர்ஷன் கேட்டால் முதல் வரியிலேயே 9.4.0 இரண்டு முறை வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பதன் வாலில் 20.04 வேறு தொங்கும். ரெகெக்ஸ் (தேடலுக்கு எழுதும் வடிவம்) எதைப் பிடிக்குமோ, அது எழுதியவர் அதிர்ஷ்டம். சரி, 'டம்ப்வெர்ஷன்' ஆப்ஷன் கொடுத்துக் கேட்கலாம் என்றால், ஜிசிசி 7 முதல் சில லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் வெறும் மேஜர் எண்தான் வரும். முழு எண்ணுக்கு 'டம்ப்ஃபுல்வெர்ஷன்' வேண்டும். பழைய ஜிசிசிக்கோ அது என்னவென்றே தெரியாது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இன்னும் மோசம். கம்பைலர் தானே வரையறுத்து வைத்திருக்கும் மேக்ரோவைப் பார்த்தால் தன்னை ஜிசிசி 4.2.1 என்று சொல்லிக்கொள்ளும். இத்தனையும் தாண்டி எண் கைக்கு வந்தாலும், எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாக ஒப்பிடுகிற ஸ்கிரிப்டில் 10 என்பது 9-ஐ விடச் சின்னது.

சீமேக் இந்தச் சேற்றில் இறங்குவதே இல்லை. குட்டி சோர்ஸ் ஃபைல் ஒன்றைக் கம்பைல் செய்யும். அதிலுள்ள மேக்ரோ சோதனைகள் கிளாங்கா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஜிசிசிக்கு வரும். விடை பைனரிக்குள் எழுத்துகளாகப் பதிந்திருக்கும்; சீமேக் அதைத் துழாவிப் படித்துக்கொள்ளும். பைனரியை ஓட்டவே வேண்டாம் என்பதால் ஆர்ம் போர்டுக்கு கிராஸ் கம்பைல் செய்தாலும் (அதாவது, வேறு வகைச் சிப்புக்கான பைனரியை இந்த மெஷினிலேயே உருவாக்கினாலும்) பிசகாது. பல வருடமாக ரசித்துவரும் வேலை இது.

அப்புறம் எதற்குக் கோபம்? கண்டுபிடித்ததை விடாது. பில்ட் மெஷினில் ஜிசிசி 11 போய் 13 வந்தது, பாதை அதேதான். கம்பைல் செய்வது 13, சீமேக் வேரியபிளில் இருப்பது 11. 13-க்கென்று நாங்கள் எழுதிவைத்த வார்னிங் ஃபிளாக் ஒன்றுகூடச் சேரவில்லை. பில்டோ பச்சை, பிழை என்று எதுவும் காட்டவில்லை. கம்பைலரின் பாதை மாறினால்தான் சீமேக் விழித்துக்கொள்ளும். அதே இடத்தில் ஆள் மாறினால் எட்டிக்கூடப் பார்க்காது. இதில் வேடிக்கை, சீமேக்கையே அப்டேட் செய்தால் கம்பைலரை மறுபடி விசாரிக்கும். பில்ட் ஃபோல்டருக்குள் இந்தத் தகவலை வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயரில் சீமேக்கின் வெர்ஷன் இருப்பதுதான் காரணம். கம்பைலர் பைனரியின் தேதியை ஒரு பார்வை பார்த்தால் தீர்கிற விஷயம்!

சீமேக் 3.24-இல், பழைய தகவலைத் தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொடங்கும் 'ஃப்ரெஷ்' ஆப்ஷன் வந்தது. நல்லதுதான். ஆனால் அதை எப்போது கொடுக்க வேண்டும் என்று நாம்தானே நினைவில் வைக்க வேண்டும்?

இன்று கேட்டால் இரண்டு நட்சத்திரம். நண்பரிடம் சீமேக்கையே எடுக்கச் சொன்னேன், கம்பைலர் அப்டேட் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் பில்ட் ஃபோல்டரை அழித்துவிடு என்ற நிபந்தனையோடு.