வாக்குறுதி சுருங்கிப்போச்சுனா தொண்டன் என்ன பண்றது: கட்சி மாறுறதா, முட்டு குடுக்குறதா, உள்ள இருந்தே கேக்குறதா?

2021 மே 7ஆம் தேதி ஸ்டாலின் முதலமைச்சரா பதவி ஏத்தப்ப எங்க ஊர் முக்கூட்டுல திமுக தொண்டனுங்க நாங்களும் வெடி வெடிச்சோம். ஆனா முழு சந்தோசம்னு சொல்ல முடியாது, ஏன்னா தருமபுரி மாவட்டத்துல இருக்குறது அஞ்சு தொகுதி, அஞ்சுலயும் நாங்க தோத்துட்டோம், அதிமுக மூணு, பாமக ரெண்டு, ஆட்சி மட்டும் எங்களுது. பாலக்கோடு பக்கம் எங்க பூத்துல அன்னிக்கு ராப்பகலா வேல பாத்தது நாங்க மூணு பேரு. நான், என் பங்காளி, எங்க தாய்மாமா. மூணு பேரும் ஒரே நோட்டீஸக் கையில வச்சிக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்கினோம். ரெண்டு வருசத்துல மூணு பேரும் மூணு பக்கம் ஆயிட்டோம். பங்காளி வேற கொடி கட்டிட்டான், மாமா எது நடந்தாலும் சரினு பேசுறாரு, நான் உள்ள இருந்துக்கிட்டே பேப்பரத் தூக்கிக்கிட்டு அலையுறேன். இந்த மூணுல எது சரினு நான் பட்டத வச்சி எழுதுறேன். நான் மூணாவது பக்கம்தான் சாஞ்சிருக்கேன், அத முதல்லயே சொல்லிடுறேன்.

வருத்தம் எங்க ஆரம்பிச்சதுனா, பெட்ரோல்ல. அஞ்சு ரூபா கொறைப்போம்னு தேர்தல் அறிக்கையில போட்டிருந்தாங்க, ஆகஸ்ட் பட்ஜெட்ல மூணு ரூபா கொறைச்சாங்க. அது வரைக்கும் தாங்கிக்கலாம், கொரோனா காலம், அதே மாசம் வெள்ளை அறிக்கை விட்டு கடன் 5.7 லட்சம் கோடினு கணக்கு சொல்லிட்டாங்க, கஜானா காலினா என்ன பண்றதுனு நாங்களே கடையில உக்காந்து பேசிக்கிட்டோம். நெஜமா அடி விழுந்தது நகைக்கடன்ல. கூட்டுறவு பேங்குல அஞ்சு பவுன் வரைக்கும் தள்ளுபடினு சொல்லித்தான் ஓட்டு கேட்டோம், நானே எத்தன வீட்டுல சொன்னேன். அப்புறம் நிபந்தனை வந்துச்சி. ஆய்வு பண்ண ஏறக்குறைய 48 லட்சம் கடன்ல 35 லட்சம் தகுதி இல்லனு 2021 டிசம்பர்ல சொன்னாங்க. என் பங்காளி போர் போடுறதுக்காக வச்ச நகை 43 கிராம். அஞ்சு பவுன்னா 40 கிராம். மூணு கிராம் கூட இருந்ததால 40 கிராமுக்காவது தள்ளுபடி கெடைக்கும்னு நெனச்சிருந்தான், ஆனா 40 தாண்டுனா அந்தக் கடன் மொத்தமா வெளிய. அன்னிக்கு ராத்திரி என் கடைக்கு வந்து ஷட்டர் ஓரமா குத்த வச்சி உக்காந்தான், ஒரு வார்த்த பேசல. நானும் பேசல. அவன் பொண்டாட்டி கழுத்துல கெடந்த கொடி அது.

அவன் கட்சி மாறுனத நான் தப்புனு சொல்ல மாட்டேன். மாறுறதுல ஒரு நெஜமான பலன் இருக்குது, தோத்துப் போயிடுவோம்னு பயம் வந்தாத்தான் எந்தத் தலைவரும் திரும்பிப் பாப்பாரு, எல்லாரும் கூடவே இருந்தா யாருக்கு என்ன பயம். ஆனா அவன் போன அதிமுகவுல என்ன நெலமைனா அங்கயும் இதே கதைதான். 2016ல ஜெயலலிதா பதவி ஏத்த அன்னிக்கே பயிர்க்கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்து போட்டாங்க, சிறு குறு விவசாயிங்களுக்கு மட்டும்னு, அஞ்சு ஏக்கருக்கு மேல வச்சிருந்தவங்களுக்குக் கெடையாது. நம்ம பக்கம் மானாவாரியில ராகியும் நிலக்கடலையும் போடுறவன் ஏழு ஏக்கர் வச்சிருந்தாலும் அவனுக்கு என்ன வருமானம் வந்துடும் சொல்லுங்க. மதுவிலக்கும் அப்படித்தான், படிப்படியானு சொல்லி மொதல்ல 500 கடைய மூடுனாங்க, நேரத்தக் கொறைச்சாங்க. அங்க இருந்து கோவிச்சிக்கிட்டு எங்க பக்கம் வந்தவங்கள நானே பாத்திருக்கேன். இப்ப எங்க ஆளு அங்க போறான். கொடி மாறுது, கையில இருக்குற மனு அப்படியே இருக்குது. புதுசாப் போன எடத்துல மூணு நாலு வருசத்துக்கு எதையும் வாயத் தொறந்து கேக்கவும் முடியல, வந்தவன்தானனு பாக்குறாங்கனு அவனே என்கிட்ட சொன்னான்.

மாமா பக்கத்த சீக்கிரமா சொல்லி முடிச்சிடுறேன். அவருக்கு வயசு எழுபதத் தாண்டிடுச்சி, 67 தேர்தல சின்னப் பையனா பாத்தவரு. அறிஞர் அண்ணாவே ரூபாய்க்கு அரிசி 'மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'னு சொல்லித்தான் வந்தாரு, வந்ததுக்கப்புறம் ரூபாய்க்கு ஒரு படி, அதுவும் சென்னையிலயும் கோயமுத்தூர்லயும்தான் ஆரம்பிச்சாங்க, அதுக்காக அவர விட்டுட்டமானு கேப்பாரு. கேக்குறப்ப நியாயமாத்தான் இருக்கும். ஆனா அண்ணா ஒரு படி நிச்சயம்னு ஓட்டு கேக்குறப்பவே பிரிச்சி சொல்லிட்டாரு. நாங்க வீடு வீடா போனப்ப யாருகிட்டயும் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு'னு சொல்லலயே மாமா, அத எப்படி மறைக்கிறதுனு நான் கேட்டா, பதில் சொல்லாம வெத்தலைய மடிப்பாரு. ஊர்ல யாரு என்ன கேட்டாலும் அவரு சமாதானம் சொல்லிச் சொல்லி, இப்ப அவருகிட்ட யாரும் எதையும் கேக்குறதில்ல. அம்பது வருசமா ஊர்ல நாலு பேரு வழக்க தீத்து வச்ச மனுசன். அதுதான் எனக்கு தாங்கல.

ஓட்டே போடாம இருக்குறது, நோட்டா குத்துறது, இதெல்லாம் ஒரு வழியானு கேட்டா எனக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் அப்படி இருக்காரு, நோட்டா அதிக ஓட்டு வாங்குனாலும் அடுத்ததா அதிகம் வாங்குனவருதான் ஜெயிப்பாருங்கறப்ப அதுல எனக்கு ஒண்ணும் தோணல.

இப்ப என் பக்கம்.

எங்க தலைவருங்க வாக்குறுதிய 'இல்ல'னு நேரா சொன்னத நான் பாத்ததில்ல, எந்தக் கட்சியிலயும். வாக்குறுதி நிபந்தனையா மாறித்தான் வரும். மகளிருக்கு மாசம் ஆயிரம்னு சொன்னது, 2023 மார்ச் பட்ஜெட்ல 'தகுதிவாய்ந்த'னு ஒரு வார்த்தையோட வந்துச்சி. வருச வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள, நஞ்சை அஞ்சு ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கருக்குள்ள, கரண்டு வருசத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள, சொந்தமா கார் டிராக்டர் இருக்கக்கூடாது. அந்த ஜூலை 24ஆம் தேதி விண்ணப்ப முகாம முதலமைச்சர் தொடங்கி வச்சதே நம்ம மாவட்டத்துல தொப்பூர்லதான், நானும் போயி கூட்டத்துல கடைசியா நின்னேன். பக்கத்துல நின்ன பொம்பளைங்க மூஞ்சியப் பாத்தப்ப கோவம் பாதி கொறஞ்சிடுச்சி. மீதி பாதி கோவம், நாம யாருக்கெல்லாம் வரும்னு சொன்னமோ அவங்க எல்லாருக்கும் வராதேங்கறதுல.

செப்டம்பர் 15ல பணம் போட ஆரம்பிச்சாங்க, ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு. அந்த வாரமே என் கடைக்கு எங்க பெரிம்மா வந்தாங்க, அதாவது கட்சி மாறுனானே அந்தப் பங்காளியோட அம்மா. சுருக்குப்பையில இருந்து பட்டன் போன எடுத்து என் கையில குடுத்து, "டேய் சாமி, இதுல என்னடா எழுதியிருக்குது, எனக்கு உண்டா இல்லையா"னாங்க. எஸ்எம்எஸ்ல நிராகரிப்பு, காரணம் மின்சாரம். 3600 யூனிட்டுக்கு மேல. அந்த வீட்ட எனக்குத் தெரியும், நாலு குழல் லைட்டு, ரெண்டு ஃபேனு, ஒரு மிக்சி. எப்படி வரும்னு யோசிச்சி ஈபி அட்டைய எடுத்தாரச் சொல்லிப் பாத்தா, அண்ணன் தம்பி ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். தம்பி வீட்டுல ஃப்ரிட்ஜ், மோட்டார், தையல் மெசின் எல்லாம் அதுலதான் ஓடுது. ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட்ட ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம் தாண்டாம இருக்குமா?

பங்காளி என்ன சொன்னான்னா, "விடும்மா, அவங்க குடுக்க மாட்டாங்க, நகையிலயே பாத்தாச்சி"னான். அவன் சொன்னதுல பொய் இல்ல. ஆனா மேல்முறையீடு 30 நாளைக்குள்ள போடலாம்னு இருந்துச்சி, கோட்டாட்சியர்தான் அத விசாரிக்கணும். நான் போட்டேன். ரேசன் கார்டு ரெண்டு தனித்தனி, அடுப்பு தனி, வாசல் தனி, மீட்டர் மட்டும் ஒண்ணுனு ஒரு வெள்ளத்தாள்ல எழுதி, ஈபி அட்டை ஜெராக்ஸ், ரெண்டு கார்டு ஜெராக்ஸ், வீட்டு வரி ரசீது எல்லாம் சேத்து வச்சேன். விஏஓ வந்து பாக்கணும். அவரு வர்றதுக்கு முன்னாடி நான் நாலு வாட்டி ஆபீஸுக்குப் போனேன், ரெண்டு வாட்டி தருமபுரிக்கு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ஒரு மனு போட்டு அதோட நம்பர வாங்கி வச்சிக்கிட்டேன். மொத்தம் ஆறு நாள் கடை அரை நாளா ஓடுச்சி. நாலு மாசம் கழிச்சி, பொங்கல் முடிஞ்சி பெரிம்மா கணக்குல ஆயிரம் ரூபா ஏறுச்சி. அந்த எஸ்எம்எஸ்ஸப் படிச்சிக் காட்டுனப்ப அவங்க ஒண்ணும் சொல்லல, போன வாங்கி மறுபடியும் சுருக்குப்பையில போட்டு முடிச்சி இறுக்குனாங்க.

இங்கதான் மூணு வழிக்கும் வித்தியாசம் வருது, நான் ரொம்ப நேரம் யோசிச்சதும் இதப் பத்தித்தான். வண்டி வாங்குறப்ப வெலைய மட்டும் பாத்தா போதாது, சர்வீஸ் செலவு பாக்கணும்ல, அது மாதிரி ஒவ்வொரு வழிக்கும் பராமரிப்பு இருக்குது. கட்சி மாறுறதுக்கு ஒரு நாள் கோவம் போதும், அதுக்கப்புறம் செலவே இல்ல, ஆனா வரவும் இல்ல. முட்டு குடுக்குறதுக்கு தினம் செலவு, ஊர்ல இருக்குற மரியாதையில இருந்து எடுத்துத்தான் குடுக்கணும். உள்ள இருந்து கேக்குறதுக்குதான் பராமரிப்பு அதிகம். தேதி எழுதி வைக்கணும், ரசீது பத்திரமா இருக்கணும், 30 நாள்னா 30 நாளுக்குள்ள போகணும், கட்சிக்காரன்தான நீனு கேலி பேசுறவங்களுக்கும் பதில் சொல்லணும், கட்சிக்குள்ளயே ஏம்பா நீயே மனு போட்டு நம்ம ஆட்சிக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றனு கேக்குறவங்களுக்கும் பதில் சொல்லணும். நான் 192 பக்க நோட்டு ஒண்ணு வச்சிருக்கேன், எங்க ஊர்ல யாரு மனு, என்ன காரணம், எங்க நிக்குதுனு. அதுல பதினேழு பேரோட மேல்முறையீடு இருந்துச்சி, ஒம்போது பேருக்கு வந்துச்சி. மீதி எட்டு பேருக்கு வரல. அதுல மூணு பேருக்கு எனக்கே தெரியும், வராதுனு, வீட்டுல டிராக்டர் நிக்குது. மிச்சம் அஞ்சு பேருக்கு வந்திருக்கணும்ங்கறது என் எண்ணம். 2025 டிசம்பர்ல ரெண்டாம் கட்டமா இன்னும் பல லட்சம் பேர சேத்தப்ப அந்த அஞ்சுல ரெண்டு பேரு உள்ள வந்தாங்க. அவங்க பேப்பரு எல்லாம் ரெடியா இருந்துச்சி, நோட்டுல இருந்து எடுத்துக் குடுத்தேன்.

ஒகேனக்கல் தண்ணியும் இதே கதைதான். ஃப்ளோரைடு தண்ணி குடிச்சி பல்லு கறை புடிச்சி, நாப்பது வயசுலயே முட்டி மடங்காம இருந்தவங்க எங்க பக்கம் எத்தன பேரு. 2008 பிப்ரவரியில கலைஞர் அடிக்கல் நாட்டுனாரு, ஏப்ரல்ல கர்நாடகத்துல பிரச்சன கெளம்புனதும் அங்க தேர்தல் முடியட்டும்னு தள்ளி வச்சிட்டாரு. எங்க அப்பா அன்னிக்கு ரேடியோவ ஆஃப் பண்ணிட்டுப் படுத்தவரு சாப்புடவே எந்திரிக்கல. கட்சிக்காரருதான், ஆனா அடுத்த வாரமே பஞ்சாயத்துல கையெழுத்து வாங்கி மனு அனுப்புனாரு. அப்புறம் வேல நடந்து, ஆட்சி மாறி, 2013 மே 29ல ஜெயலலிதா தொறந்து வச்சாங்க. அப்பா மனுவால தண்ணி வந்துச்சினு நான் சொல்ல மாட்டேன், 1928 கோடி திட்டம் அது, ஜப்பான் கடன். ஆனா யாரு ஆட்சியில இருந்தாலும் விடாம கேட்ட ஊருங்க நெறைய இருந்துச்சி, அதனாலதான் ரெண்டு கட்சியாலயும் அத அப்படியே விட முடியல.

எல்லாத்துக்கும் இது ஒத்து வராது. நீட் ரத்துக்கு என் நோட்டுல ஒரு பக்கம் கூட இல்ல. சட்டமன்றத்துல 2021 செப்டம்பர்ல மசோதா நிறைவேத்துனாங்க, ஆளுநர் திருப்பி அனுப்புனாரு, 2022 பிப்ரவரியில மறுபடியும் நிறைவேத்துனாங்க, கடைசியில ஒன்றிய அரசு நிராகரிச்சிடுச்சி. சாவி டெல்லியில இருக்குது, அது தெரிஞ்சே ரத்து பண்ணிடுவோம்னு அடிச்சி சொன்னது எங்க தப்பு, அத நான் ஒத்துக்குறேன், பிளஸ் டூ படிக்கிற புள்ளைங்க வீட்டுலயும் நானே போயி சொன்னேன். அங்க கேக்குறவனுக்கும் ஒண்ணுதான், போறவனுக்கும் ஒண்ணுதான். அதே மாதிரி நம்ம எம்எல்ஏ ஜெயிச்ச தொகுதியில உள்ள இருந்து கேக்குறது இதவிட சுலபமா இருக்குமா, கஷ்டமா இருக்குமாங்கறதுல எனக்கு அனுபவம் இல்ல. எங்களுக்கு 2021ல வந்தது எதிர்க்கட்சி எம்எல்ஏ, அதனால நான் கட்சி வழியா போனத விட ஆபீஸ் வழியா போனதுதான் அதிகம்.

மாசா மாசம் கரண்டு ரீடிங் எடுப்போம்னு சொன்னது நோட்டுல 41வது பக்கத்துல இருக்குது. அது மட்டும் வந்திருந்தா பெரிம்மா வீட்டு பில்லு கொறஞ்சிருக்கும். அக்டோபர் 2 கிராம சபையில நான் எந்திரிச்சி அதத் தீர்மானமா எழுதச் சொன்னேன். எழுதுனாங்க. கையெழுத்து போடுற எடத்துல என் பேருக்குக் கீழ எங்க மாமா கையெழுத்தும் இருக்குது. அவரு அன்னிக்கு யாருக்கும் சமாதானம் சொல்லல, பேனாவ வாங்கி நிதானமா முழுப் பேரையும் எழுதிட்டுப் போயிட்டாரு.