போல்ட்-ஆன் நெக்கா, நெக்-த்ரூவா? சொந்த பேஸ் கிட்டார் செய்யக் கொடுப்பவர்களுக்கு

சொந்தமாக ஒரு பேஸ் கிட்டார் வடிவமைத்துச் செய்யக் கொடுக்கும்போது எல்லாரும் முதலில் மரத்தையும், ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் வைத்துத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் முடிவெடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: விரல் ஓடும் நீளக் கழுத்தான நெக், உடலான பாடியோடு எப்படிச் சேரப்போகிறது என்பது. பாடியில் ஒரு குழி வெட்டி, அதில் நெக்கை உட்கார வைத்து, பின்னாலிருந்து திருகு போட்டு இறுக்குவது போல்ட்-ஆன். ஸ்ட்ரிங் முறுக்கும் தலையான ஹெட்ஸ்டாக்கில் ஆரம்பித்து, ஸ்ட்ரிங்கின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜையும் தாண்டி, தோள்வார் மாட்டும் ஸ்ட்ராப் பட்டன் வரை ஒரே நீள மரமாக ஓடவிட்டு, இரண்டு பக்கமும் பாடித் துண்டுகளை ஒட்டுவது நெக்-த்ரூ. நான் போல்ட்-ஆன் பக்கம் போனேன். ஐந்து ஸ்ட்ரிங், 34 இஞ்ச் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம். இப்போது என் ஷோக்கள் எல்லாமே அதில்தான், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

இரண்டுமே மேடையில் பல பத்தாண்டுகள் நின்று காட்டிய முறைகள். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் போல்ட்-ஆன். நெக் கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம், தொழிற்சாலையிலும் சீக்கிரம் செய்யலாம் என்பதுதான் லியோ ஃபெண்டரின் கணக்கு. 1957-இல் ரிக்கன்பேக்கர் 4000 நெக்-த்ரூவாக வந்தது, 1963-இல் கிப்சன் தண்டர்பேர்ட் வந்தது, எழுபதுகளில் அலெம்பிக் பல மரங்களை அடுக்கி ஒட்டிய நெக்-த்ரூவை விலையுயர்ந்த கஸ்டம் பேஸின் அடையாளமாகவே ஆக்கிவிட்டது. கஸ்டம் என்றாலே நெக்-த்ரூ என்று பலர் நினைப்பது அங்கிருந்து வந்த பழக்கம்தான்.

அழகில் நெக்-த்ரூ ஜெயிக்கும், இதில் வாதாட ஒன்றுமில்லை. மேப்பிளும் வால்நட்டும் மாறி மாறி வரி வரியாகப் பாடியின் நடுவே ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மேல் ஃப்ரெட்டுகளுக்கு, அதாவது பாடிக்குப் பக்கத்தில் உள்ள உலோகக் கட்டைகளுக்கு, கை போவதும் அதில் சுலபம். பின்னால் இடிக்கும் கட்டை இல்லை. போல்ட்-ஆனிலும் அந்த மூலையைச் சீவி வளைவாக்கித் தருவார்கள், திருகுகளின் இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் போதும். எனக்கு 20-ஆம் ஃப்ரெட் வரை தடையில்லாமல் கை போகிறது. அதற்கு மேல் நான் வாசிக்கும் பாட்டுகளில் வேலை இல்லை. விரலால் தட்டி வாசிக்கும் டேப்பிங், பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டு என்று 24-ஆம் ஃப்ரெட் வரை குடியிருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு.

சஸ்டெய்ன் பற்றி. நெக்-த்ரூவில் சுரம் நீண்டு நிற்கும் என்பார்கள். ட்ரம்ஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு என்று முழு இசைக்குழுவோடு நிற்கும்போது பேஸ் வாசிப்பவரின் பாதி வேலையே சுரத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவதுதான், இடது கையாலும் வலது உள்ளங்கையாலும் ஓயாமல் அடக்கிக்கொண்டே இருக்கிறோம். குழி இறுக்கமாக வெட்டப்பட்ட நல்ல போல்ட்-ஆனில் கிடைக்கும் நீளமே எனக்குத் தேவைக்கு மேல். நண்பரின் நெக்-த்ரூ பேஸைச் சில ஷோக்களில் வாங்கி வாசித்திருக்கிறேன். தனியாகக் கேட்கும்போது அதில் சுரத்தின் தொடக்கம் கொஞ்சம் வழுவழுப்பாகவும் என்னுடையதில் கொஞ்சம் கூர்மையாகவும் இருந்தது. ஆனால் அந்த இரண்டிலும் பிக்கப் வேறு, மரம் வேறு, ஸ்ட்ரிங் வேறு. அந்த வித்தியாசத்தை இணைப்பின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. ட்ரம்மர் ஆரம்பித்ததும் எது எது என்றே தெரியவில்லை.

இனி எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்த விஷயம். நெக் என்பது பேஸில் உயிருள்ள பாகம். நான்கு ஸ்ட்ரிங் பேஸிலேயே ஒரு ஆளின் எடை அளவுக்கு இழுவிசை அதன்மேல் எப்போதும் இருக்கிறது, ஐந்தாவது ஸ்ட்ரிங் சேர்ந்தால் இன்னும் கூடும். காற்றில் ஈரம் ஏறினால் முன்பக்கம் வளையும், ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியான ஆக்‌ஷன் உயரும். வறண்ட ஏசி அரங்கில் கிடந்தால் நிமிர்ந்துகொண்டு, முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் ஸ்ட்ரிங் உரசி இரைய ஆரம்பிக்கும். இதற்குத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு. இதுவரை இரண்டு வகைக்கும் ஒன்றுதான். ட்ரஸ் ராடால் சரிசெய்ய முடியாத கோளாறு வரும்போதுதான் இரண்டின் பாதையும் பிரிகிறது.

அப்படி என்ன கோளாறு வரும்? நெக் முறுக்கிக்கொள்ளலாம், அதாவது பி ஸ்ட்ரிங் பக்கம் ஒரு வளைவு, ஜி பக்கம் இன்னொரு வளைவு. ட்ரஸ் ராடின் மறை தேய்ந்து போகலாம். நெக் பாடியைத் தொடும் இடத்துக்கு அப்பால் உள்ள ஃப்ரெட்டுகள் சறுக்கு மரம் போல மேலே தூக்கிக்கொள்ளலாம். காலப்போக்கில் நெக்கின் கோணமே மாறி, பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடில்களை அடிமட்டம் வரை இறக்கியும் ஆக்‌ஷன் இறங்காமல் நிற்கலாம். அல்லது யாராவது தடுக்கி ஸ்டாண்டோடு சேர்த்துத் தள்ளிவிட்டு ஹெட்ஸ்டாக் உடையலாம். பின்பக்கம் சாய்ந்த ஹெட்ஸ்டாக்கும் மஹோகனி நெக்கும் சேர்ந்த தண்டர்பேர்ட் இதற்குப் பேர் போனது.

போல்ட்-ஆனில் கோணம் மாறினால் ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, திருகைக் கழற்றி, குழிக்குள் ஆப்பு மாதிரி சீவிய மெல்லிய மரத்தகடு ஒன்றை வைத்து மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. ஒரு மாலைநேர வேலை. நெக்-த்ரூவில் கோணம் என்பது செய்த அன்றைக்கு ஒட்டியது ஒட்டியதுதான். பிரிட்ஜைப் பாடிக்குள் இறக்கிப் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் நெக்கின் முகப்பில் ஒட்டிய ஃபிங்கர்போர்டையே சீவி ஃப்ரெட் எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். ட்ரஸ் ராட் போனால் ஃபிங்கர்போர்டைச் சூடு காட்டிப் பிரித்தெடுக்க வேண்டும். போல்ட்-ஆனிலும் அதே நெக்கைத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் இதே அறுவை சிகிச்சைதான், ஆனால் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. வேறு நெக் மாட்டலாம். வாரக் கடைசியில் ஷோ வைத்திருப்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆனால் இந்த வசதி தானாக வந்துவிடாது, வடிவமைக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். கஸ்டம் செய்யும்போது குழியின் அளவையும் நம் இஷ்டத்துக்கு மாற்றினால் அந்த பேஸுக்கு உலகத்தில் வேறெந்த நெக்கும் பொருந்தாது, போல்ட்-ஆன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். நான்கு ஸ்ட்ரிங் ஃபெண்டர் வகை நெக்கின் அடிப்பகுதி அகலம் சுமார் 63.5 மில்லிமீட்டர், இரண்டரை இஞ்ச். அந்த அளவில் வெட்டச் சொன்னால் மாற்று நெக் வெளியில் ரெடிமேடாகக் கிடைக்கும். ஐந்து ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு அளவு வைத்திருப்பதால், மாற்று நெக் தனியாக விற்கும் ஏதாவது ஒரு மாடலின் அளவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதன்படி குழி வெட்டச் சொன்னேன். ஸ்கேலை 34 இஞ்சிலேயே நிறுத்தியதற்கும் இதுதான் காரணம். அடி பி என்பது 31 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், 35 இஞ்சில் அது இன்னும் விறைப்பாக நிற்கும், உண்மைதான். ஆனால் 35 இஞ்ச் மாற்று நெக் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய பாடு. கொஞ்சம் தடித்த பி ஸ்ட்ரிங் போட்டு அந்தக் குறையை முக்கால்வாசி அடைத்துவிட்டேன்.

இதிலேயே ஒரு உபகாரம் உண்டு, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாடி தயாராகும் முன்பே நெக்கை வாசித்துப் பார்க்கலாம்! எனக்குச் செய்து கொடுத்தவர் முதலில் நெக்கை மட்டும் முடித்தார், அதே அளவு குழி உள்ள என் பழைய பேஸில் அதை மாட்டி, சில ஷோ வாசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். வீட்டில் அரைமணி நேரம் பிடித்துப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. மேடையில் இரண்டாவது செட் போகும்போது கட்டைவிரல் அடியில் வலி. மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் பின்னால் நெக்கின் தோள் கொஞ்சம் பருமன். பென்சிலால் அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தேன், அவர் ஸ்க்ரேப்பரை வைத்துச் சுருள் சுருளாக இழைத்தார், நடுவில் கையில் கொடுப்பார், பிடித்துப் பார்த்துத் திருப்பித் தருவேன், மறுபடி இழைப்பார். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாம் ஃப்ரெட் சி சட்டென்று அடங்கிப்போவதும் அந்த ஷோக்களில்தான் தெரிய வந்தது. ஸ்ட்ரிங்கின் ஆற்றலை நெக்கின் அதிர்வு உறிஞ்சிக்கொள்வதால் வரும் டெட் ஸ்பாட் அது, நிறைய பேஸ்களில் ஐந்து முதல் ஏழு வரையான ஃப்ரெட்டுகளில் இருக்கும். ஹெட்ஸ்டாக்கில் ஸ்ட்ரிங் முறுக்கும் டியூனர்களை எடை குறைந்ததாக மாற்றியதும் அது சற்று மேலே நகர்ந்து, நான் அதிகம் நிற்காத சி ஷார்ப்புக்குப் போய்விட்டது. நெக்-த்ரூவிலும் டியூனரை மாற்றலாம், நெக்கை இழைக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் முழு பேஸும் முடிந்து ஃபினிஷ் அடித்த பிறகு.

போல்ட்-ஆனின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மரத் திருகை அடிக்கடி கழற்றி மாட்டினால் துளை தேய்ந்து பிடிப்பு போய்விடும். அதற்காக நெக்கின் அடியில் மறையுள்ள உலோக இன்ஸர்ட்டுகளைப் பதித்து, மெஷின் ஸ்க்ரூ போடச் சொன்னேன், அப்புறம் அந்தக் கவலை இல்லை. குழி தொளதொளவென்று வெட்டப்பட்டிருந்தால் நெக் பக்கவாட்டில் நகர்ந்து, ஜி ஸ்ட்ரிங் ஃபிங்கர்போர்டின் விளிம்புக்கு வந்துவிடும். வாங்கிய அன்றைக்கே திருகு போடாமல் நெக்கைக் குழியில் வைத்துத் தூக்கிப் பாருங்கள், பாடி கூடவே வர வேண்டும். ட்ரஸ் ராடின் திருகும் முனை பாடிக்குள் ஒளிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும், பழைய ஃபெண்டர்களில் இந்தத் தொல்லை உண்டு. ஃபிங்கர்போர்டின் கடைசியில் வெளியே தெரியும் துளைகள் உள்ள சக்கரம் வைக்கச் சொன்னால், சவுண்ட் செக்கில் ஸ்ட்ரிங்கைக் கூட அவிழ்க்காமல் ஒரு சின்னக் கம்பியைச் செருகிக் கால் சுற்று திருப்பிக்கொள்ளலாம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து ஏழாம் ஃப்ரெட் அருகே இடைவெளி பாருங்கள். எனக்கு 0.3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி.

தலை கனத்து நெக் தரையைப் பார்த்துத் தொங்கும் பிரச்சினைக்கு இணைப்பு காரணமில்லை. பாடியின் மேல் கொம்பு 12-ஆம் ஃப்ரெட் வரை நீண்டு அங்கே ஸ்ட்ராப் பட்டன் இருந்தால் எந்த வகையிலும் சரியாக நிற்கும். எலக்ட்ரானிக்ஸும் அப்படித்தான்: பேட்டரியில் ஓடி ஒலியைக் கூட்டித் திருத்தும் ஆக்டிவ் ப்ரீஆம்ப் வைத்தால் 9 வோல்ட் பேட்டரி நடு ஷோவில் உயிரை விட்டாலும் சத்தம் போகாதபடி பேட்டரி தேவைப்படாத பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்று கட்டாயம். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

விற்கும்போது என்ன கிடைக்கும்? கஸ்டம் பேஸ் எதையுமே போட்ட காசுக்கு விற்க முடியாது, அது ஒருவர் கைக்குத் தைத்த சட்டை. நான் என்னுடையதை விற்கப் பார்த்ததில்லை. பிறருடையது கைமாறும்போது பார்த்த வரையில், வாங்க வருபவர் முதலில் நெக்கைத்தான் கண்ணோடு வைத்து நீளவாக்கில் பார்க்கிறார். அதில் சின்ன சந்தேகம் வந்தாலும் நெக்-த்ரூ என்றால் பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. போல்ட்-ஆன் என்றால் மாற்று நெக்கின் விலையைக் கழித்துக்கொண்டு பேச்சு தொடர்கிறது.

நெக்கைப் பாடியின் குழியில் பசை போட்டு ஒட்டும் செட்-நெக் என்ற மூன்றாவது வகையும் உண்டு. அதை நான் நீண்ட நாள் வைத்து வாசித்ததில்லை, ஆனால் பராமரிப்புக் கணக்கில் அது நெக்-த்ரூவோடுதான் சேரும்.

நெக்-த்ரூதான் வேண்டும் என்று மனசில் பதிந்துவிட்டால் தாராளமாகப் போங்கள், நல்ல கை செய்தால் பல வருஷம் தொல்லையில்லாமல் ஓடும் கருவி அது. மூன்று, ஐந்து என்று அடுக்கி ஒட்டிய நெக், ட்ரஸ் ராடின் இரண்டு பக்கமும் கார்பன் ஃபைபர் தண்டு, இரண்டு திசையிலும் திருப்பக்கூடிய ட்ரஸ் ராட், சாய்வில்லாத ஹெட்ஸ்டாக் அல்லது சாய்வு வேண்டுமென்றால் ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடத்தின் பின்னால் கொஞ்சம் தடிமன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நெக்கை ஒட்டிய பிறகு, ஃபினிஷ் அடிக்கும் முன்னால், ஸ்ட்ரிங் போட்டு முழு இழுவையில் சில வாரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் நெக்-த்ரூ கொடுக்காதீர்கள்.