ஏரியில் காற்றாலையா, கடலிலா?

"இது பெயருக்குத்தான் ஏரி, தம்பி. அக்கரை தெரியாது" என்பார் கனடாவில், ஸ்காபுரோவில் இருக்கும் சித்தி. அவர் பார்க்கும் அந்த ஒன்ராறியோ ஏரியிலும் காற்றாலை நடும் யோசனை இருந்தது. நன்னீரில் என்ன விளைவு என்று முதலில் ஆராய வேண்டும் எனக் கூறி, 2011 பெப்ரவரியில் மாகாண அரசு அத்தகைய திட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்தது.

ஏரிக்குச் சாதகமான வாதத்தை எங்கள் வெள்ளவத்தை வீட்டு யன்னலிலேயே பார்க்கலாம். கம்பிக்கு வருடாவருடம் பெயின்ற் அடிக்கிறோம். சில மாதங்களில் விரல் பட்ட இடமெல்லாம் செந்தூளாக உதிர்கிறது. கடற்காற்றின் உப்பு செய்யும் வேலை. நன்னீரில் இந்த அரிப்பு மிகக் குறைவு.

ஆனால் உப்பில்லாத நீர் உறைந்தால் இறுகிவிடும். கடற்பனிக்குள் உப்புநீர் நுண்ணறைகளாகத் தங்குவதால் அதற்கு அவ்வளவு உறுதி இல்லை. ஏரிப்பனியோ காற்று தள்ளத் தள்ளப் பாளம் பாளமாக வந்து தூணில் மோதும். அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்கு அப்பால் ஈரி ஏரியில் திட்டமிட்ட 6 காற்றாலைகளுக்கு, பனியை வளைத்து உடைக்க நீர்மட்டத்தில் கூம்புகள் வடிவமைத்தார்கள். 20.7 மெகாவாட் மட்டுமே தரும் திட்டம் அது. இரவில் பறக்கும் பறவைகளுக்காக எட்டு மாதங்கள் இரவுதோறும் விசிறிகளை நிறுத்த வேண்டும் என்று 2020இல் நிபந்தனை வந்தது. சில மாதங்களில் அது நீக்கப்பட்டது. செலவு ஏறியதால் 2023 டிசம்பரில் திட்டமே நின்றுபோனது.

என் கணக்கில் பெருந்தடை கப்பல்தான். கடலிலிருந்து அந்த வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் செல்லும் செயின்ட் லோரன்ஸ் நீர்வழியில், கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகளில் சுமார் 24 மீற்றர் அகலத்துக்கு மேற்பட்ட கப்பல் நுழையாது. கடலில் காற்றாலை நிறுத்தும் இன்றைய பெருங்கப்பல்கள் அதைவிட மிக அகலமானவை. கொழும்புத் துறைமுகத்துக்கு வருவதற்கு அவற்றுக்கு எந்த மதகும் குறுக்கே நிற்காது.

நெதர்லாந்தின் ஐசல்மீர் ஏரியில் மட்டும் எப்படி 2021இல் 89 காற்றாலைகள் எழுந்தன? சராசரி ஆழம் சில மீற்றர்தான். 1932இல் அணை கட்டி அடைத்த கடற்பகுதிதான் அது. வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒன்றான சுப்பீரியர் ஏரியின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 147 மீற்றர். அங்கே மிதக்கும் மேடைதான் வழி.

ஆகவே நான் கடலின் பக்கம். மன்னாரில் 2020 முதல் 30 காற்றாலைகள் தரையில் சுழல்கின்றன. அடுத்தவை கடலுக்குள் போகலாம். எங்கே நடுவது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கும் முன், வலை எங்கே விழுகிறது, படகு எந்த வழியாகப் போகிறது என்று அங்குள்ள பேசாலை மீனவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.