பியாஃபா, பசாஜா?

குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியின் உச்சநிலையான கிராண்ட் பிரீயை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் வாய்பிளப்பது பெரும்பாலும் பசாஜைக் கண்டுதான். ஒவ்வோர் அடிக்கும் குதிரை காற்றில் கணநேரம் தங்கி இறங்கும். அரங்கமே அதன் தாளத்துக்கு வந்துவிடும். பியாஃபில் குதிரை நின்ற இடத்திலேயே டிராட் (மூலைவிட்டக் கால்கள் ஜோடியாக எழும் நடை) செய்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் பயிற்சியின் ஆழம் தெரிவது பியாஃபில்தான் என்பது என் கட்சி.

இரண்டிலும் கால்கள் எழும் வரிசை ஒன்றே: முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, எதிர் ஜோடி அடுத்து. வேறுபாடு எடை எங்கே இறங்குகிறது என்பதில். பசாஜில் முன்னோக்கிய வேகம் சமநிலைக்குக் கைகொடுக்கும். பியாஃபில் அந்த உதவி கிடையாது. பின்னங்கால் மூட்டுகள் மடங்கி, பிட்டம் தாழ்ந்து, உடல் எடையில் கூடுதல் பங்கைப் பின்பக்கம் ஏற்க வேண்டும். முன்குளம்பு, ஊன்றிய காலின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நடுப்பகுதிவரை உயர வேண்டும். கிராண்ட் பிரீயில் இப்படி 12 முதல் 15 காலடிகள்.

அங்கே எதையும் ஒளிக்க முடியாது. வலு போதாத குதிரை பக்கவாட்டில் ஆடும். முன்னங்கால்களைப் பின்னுக்கு இழுத்து ஊன்றும். பின்னுக்கு நகர்ந்தால் பெருங்குற்றம். பசாஜிலோ முதுகு விறைத்த குதிரையும் பதற்றத்தால் கால்களை உயர்த்தி மிதப்பதுபோல் காட்டிவிடும். முன்னங்கால்களை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இழுபடும் பின்னங்கால்களைப் பார்த்தால் உண்மை தெரியும்.

வியன்னா ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியின் மரபும் என் பக்கம்தான் பேசுகிறது. 1735-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கூடத்தில் லிப்பிஸானர் குதிரைகளுக்குப் பியாஃபைப் பயிற்சியாளர்கள் தரையில் நின்றபடியே பழக்குவார்கள். முதுகில் ஆள் இருக்கமாட்டார். பின்கால்கள் மேலும் மடங்கி முன்கால்கள் தரையை விட்டெழும் லெவாட், பியாஃபிலிருந்தே பிறக்கிறது. பசாஜிலிருந்து லெவாடுக்கு அப்படி வழி இல்லை. பசாஜ் இயல்பாக வரும் குதிரைக்கு அதை முதலில் கற்பித்துவிட்டால், பிறகு மிதப்பதை விட்டு நின்ற இடத்தில் அமர்வது அதற்குப் பெரும்பாடு. அதனால் பியாஃபே முதலில் வரட்டும் என்பேன்.

பசாஜ் உண்மையிலேயே கடினமாவது பியாஃபிலிருந்து அதற்குள் நுழையும்போது. நடுவர்கள் இந்த மாற்றத்துக்குத் தனி மதிப்பெண் தருகிறார்கள். 2014 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியாவில் பிரிட்டிஷ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டினும் அவரது குதிரை வலெக்ரோவும் இசையோடு ஆடி 94.3 சதவீதம் பெற்ற காணொளியைப் போட்டு, அந்த இடங்களில் பின்னங்கால்களை மட்டும் கவனியுங்கள்.