பழைய ஏசிக்கு கேஸ் 'டாப்-அப்': காசு கொடுக்கலாமா?

ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸில் ஓடும் பழைய ஸ்ப்ளிட் ஏசிக்கு வீட்டுக்கே வந்து கேஸ் ஏற்றித் தருகிறார்கள். பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: அவுட்டோர் யூனிட்டில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, சிலிண்டரைத் திறந்து, சக்‌ஷன் பக்கம் (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாய்) அழுத்தம் 60–70 பிஎஸ்ஐ வந்ததும் மூடிவிட்டு பில். இந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. குறைந்தால் எங்கோ லீக். ஃப்ளேர் நட் (பைப்பை இணைக்கும் நட்), சர்வீஸ் வால்வு பின், இன்டோர் காயில் வளைவுகள்: இங்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லீக்கை அடைக்காமல் ஏற்றிய கேஸ் மறுபடி வானத்துக்குத்தான் போகும். ஆர்-22இல் குளோரின் உண்டு. ஓசோன் படலம் இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியரை எட்டும் பகுதி அங்கே ஓசோனைச் சிதைக்கும். ஓசோன் கேட்டை அளக்க அளவுகோலாக வைக்கும் பழைய கேஸான சிஎஃப்சி-11ஐ 1 என்று வைத்தால் இதன் ஓசோன் கேடு 0.055தான். ஆனால் பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,800 மடங்கு.

உருப்படியான சர்வீஸ் வேறு மாதிரி இருக்கும். மிச்ச கேஸை ரெகவரி மெஷினால் சிலிண்டரில் பிடிப்பார்கள். 250–300 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி லீக் தேடுவார்கள் (ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள், உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்). அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்கு (வாக்குவத்தை அளக்கும் அலகு) இறக்கி, வால்வை மூடி, மீட்டர் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏசியின் கம்ப்ரஸரை வைத்தே வாக்குவம் எடுத்தால் ஈரம் தங்கி கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் உறைந்து அடைக்கும். கடைசியில், லேபிளில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் எடைபோட்டு கேஸ்.

"ஆர்-32 போட்டுவிடலாம் சார்" என்பார்கள். வேண்டாம். புது ஏசிகளுக்கான அந்த கேஸின் அழுத்தம் ஆர்-22ஐப் போல சுமார் 1.6 மடங்கு, கம்ப்ரஸர் எண்ணெயும் வேறு, தீப்பற்றவும் கூடும்.

இந்தியாவில் 2025 முதல் ஆர்-22 போட்டுப் புது ஏசி தயாரிப்பதில்லை. கேஸின் வரத்தும் குறைந்துகொண்டே வரும். காயில் பல இடத்தில் அரித்திருந்தால் செலவழிக்காமல் ஆர்-32 மெஷினுக்கு மாறுங்கள், அதில் ஓசோன் கேடு சுழியம். பழையதைக் கழற்றும் முன் அவுட்டோரில் உள்ள லிக்விட் வால்வை (மெல்லிய பைப்பின் வால்வு) மூடி, கம்ப்ரஸரை ஓட்டி கேஸை அவுட்டோரில் அடைத்து, ரெகவரி சிலிண்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படியே காயலான் கடைக்குப் போனால், பைப்பை வெட்டியதும் மொத்தமும் காற்றில்.